ரத்தக் கொதிப்பு நாகரிகம்

நேற்று வரை அடுப்படியில் கிடந்த ஒரு கல் இன்றைக்கு ஒரு நாகரிகமாக மாற வேண்டுமென்றால் ஒரு மழை வேண்டும், ஒரு முந்திரிக்கொட்டை வேண்டும், ஒரு துறைத்தலைவர் வேண்டும். மழையைக் குறை சொல்ல முடியாது. அது பெய்வது அதன் வேலை. மற்ற இருவரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே வேண்டியிருந்திருக்காது.

கல்லுக்குச் சொந்தக்காரி தொல்லியல் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவி. அவளை எல்லாரும் சன்னம் என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சிக் குழியில் மண்ணைச் சுரண்டும்போது துறைத்தலைவர் மேலே நின்றுகொண்டு "சன்னமா! சன்னமா!" என்று கத்துவார். அவர் தலை மறைந்ததும் மற்றவர்கள் கடகடவென்று கொத்தித் தள்ளுவார்கள். இவள் மட்டும் அவர் போன பிறகும் சன்னமாகவே சுரண்டிக்கொண்டிருப்பாள். பக்தி எல்லாம் இல்லை. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, அதனால் நிறுத்தவில்லை.

அம்மா செத்துப்போனதிலிருந்து அவள் அப்படித்தான் இருந்தாள். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி ஆள் மொத்தமும் மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டாள், பஸ் ஏறினாள், வகுப்பில் உட்கார்ந்தாள். அழுகை மட்டும் வரவில்லை. "பெத்தவ போயிருக்கா, இது மரம் மாதிரி நிக்குது பாரேன்" என்று அத்தை பக்கத்து ஆளிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அத்தை சொல்வதும் சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல். அதில் ஒரு குழி. ஒவ்வொரு வருடமும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அந்தக் குழியைத் தோண்டுவார்கள். வருடக் கடைசியில் மூடுவார்கள். அடுத்த வருடம் அடுத்த கூட்டம் வந்து அதே குழியைத் தோண்டும். வேறு இடத்தில் தோண்டலாமே என்று ஒருத்தன் ஒரு முறை கேட்டுவிட்டான். "அங்க என்ன கிடைக்கும்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று துறைத்தலைவர் திருப்பிக் கேட்டார். அவன் இப்போது வணிகவியல் படிக்கிறான்.

இந்தக் குழியில் பெரும்பாலும் கிடைப்பது பேனா மூடி. முந்தைய வருடத்துக்காரர்கள் தொலைத்தது. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வந்த எதையும் அப்படி எடுத்தோம் கவிழ்த்தோம் என்று சொல்லிவிட முடியாது. முதல் வகுப்பிலேயே துறைத்தலைவர் சட்டம் போட்டுவிட்டார். "எதுக்குன்னு தெரிஞ்சா அது பயன்பாட்டுப் பொருள். எதுக்குன்னு தெரியலேன்னா அது சடங்குப் பொருள். மூணாவது வகை கிடையாது. ஒரு தடவை கிடைச்சா தற்செயல். ரெண்டு தடவை கிடைச்சா சடங்கு. எல்லாரும் எழுதிக்கிட்டீங்களா?" எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பேனா மூடி இருக்கிறது, பேனா இல்லை. அதுவும் வருடா வருடம். ஆகவே மூடியைப் புதைப்பது ஒரு சடங்கு என்று துறையின் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வரிசையே இருந்தது. பேனா மூடிகளைத் தூசி தட்டுவதற்கென்று ஓர் ஊழியரும் இருந்தார். அவர் பாவம், நல்ல மனிதர், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார்.

துறைத்தலைவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு வாக்கியமும் உண்டு. "மண்ணு பொய் சொல்லாது. மனுஷங்கதான் பொய் சொல்லுவாங்க." இதைச் சொல்லும்போது மாணவர்களை ஒரு பார்வை பார்ப்பார்.

இனி கல். உள்ளங்கையில் அடங்கும் ஆற்றுக் கல். சாம்பல் நிறம், வழவழப்பு. அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். இளவயதில் ஒரு நாள் ஆற்றோரச் சரிவில் அவர் வண்டி பிரேக் பிடிக்காமல் மெல்ல நழுவ ஆரம்பித்தது. "யாராவது இறங்கி, சக்கரத்துக்கு அண்டக் குடுக்க ஒரு கல்லு எடுத்துட்டு வாங்க" என்று கத்தினார். இறங்கி ஓடிய ஒரு பெண் இந்தக் கல்லைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதை வெச்சா எலி கூட நிக்காதும்மா" என்றார் அப்பா. அந்தப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்போ நீங்களே வெச்சுக்கோங்க" என்று கல்லை அவர் மடியில் போட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அப்பா அந்தக் கல்லைத் திருப்பிக் கொடுப்பதற்காக அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு கல்யாணம் வரைக்கும் போய்விட்டது.

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. தினமும் காலையில் மாத்திரை. முழு மாத்திரை அவர் தொண்டையில் இறங்காது. அம்மா இந்தக் கல்லால்தான் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பாள். அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம். டொக், டொக், கடைசியில் ஒரு சர்ர் இழுப்பு. கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கல்லில் ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருந்தது. அம்மாவுக்குப் பிறகு சன்னம் பொடித்துக் கொடுத்தாள், வலதுகையால். "இன்னும் கொஞ்சம் நைஸா பண்ணேன்" என்று அப்பா தினமும் சொல்லுவார். சொல்லிவிட்டுக் குடித்துவிடுவார்.

குழியில் வரைபடத் தாள் காற்றில் பறந்தது. ஆளாளுக்கு ஒரு பாரம் கொண்டுவரச் சொன்னார்கள். சன்னம் காலையில் மாத்திரையைப் பொடித்ததும் கல்லைத் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வாள், மாலையில் திரும்பக் கொண்டுபோவாள். வீட்டில் வேறு பாரமே இல்லையா என்றால் இருந்தது. பையில் அந்தக் கனம் தொங்குவது அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் அப்படி ஒரு மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் தாளை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். குழியின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. வராந்தாவில் வந்து நின்ற பிறகுதான் கல் இல்லை என்று சன்னத்துக்கு உறைத்தது. குழியில் இறங்க யாரையும் விடவில்லை. மண் உலர வேண்டும், அதுவரை யாரும் காலை வைக்கக் கூடாது என்று உத்தரவு. உலர்ந்த அன்றைக்குப் பார்த்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள். இவள் வரவில்லை.

முந்திரிக்கொட்டை வந்திருந்தான். அது அவன் வீட்டில் வைத்த பேர் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லுகிற பையன். சரிந்த மண்ணின் அடியில் கையை விட்டான், கல் வந்தது. "சார்!" என்று அவன் போட்ட சத்தத்தில் நிர்வாகக் கட்டடத்திலிருந்தே ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சன்னம் மறுநாள் வந்தபோது கல்லுக்கு எண் போட்டாகிவிட்டது. பஞ்சு மெத்தை போட்ட பெட்டிக்குள் அது படுத்திருந்தது. குழியின் மிக அடியிலிருந்து கிடைத்ததால் மிகவும் பழையது என்று முடிவாகிவிட்டது. துறைத்தலைவர் புதுச் சட்டை போட்டிருந்தார். சன்னம் முதலில் முந்திரிக்கொட்டையிடம் போனாள்.

"அது என் கல்லு. என் தாள் மேல நீ தினமும் பாத்திருக்கே."

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பாத்திருக்கேன்தான். எடுக்கும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா நேத்து சாயந்தரமே பல்கலைக்கழகச் செய்தி மடல்ல என் போட்டோ வந்துடுச்சு. எங்க மாமா ராத்திரியோட ராத்திரியா பிரேம் போட்டு மாட்டிட்டாரு. நான் என்ன பண்ண?"

துறைத்தலைவரின் அறையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு, பஸ், மாத்திரை, கட்டைவிரல். அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். இந்த மனிதருக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் கூடக் கொடுத்தார்.

"நீ சொன்னது ரொம்ப நல்லா இருக்கும்மா. இதுக்குப் பேரு வாய்மொழி மரபு. இதைச் சேகரிக்கப் பக்கத்துக் கட்டடத்துல தனித் துறை இருக்கு. நம்ம துறையில மண்ணு என்ன சொல்லுதோ அதான். கல்லு எங்க இருந்துச்சு?"

"அடி மண்ணுல சார். ஆனா மழையில..."

"அடி மண்ணுல இருந்துச்சு. அவ்வளவுதான். மண்ணு பொய் சொல்லாது. நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. ஆனா நீ மனுஷி."

"எங்கப்பா மாத்திரை போட முடியாம இருக்காரு சார்."

"சரி, உங்கம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வா. அவங்களையும் கேட்டுடலாம்."

"அம்மா இல்ல சார்."

"பாத்தியா? ஆதாரமும் இல்லாமப் போச்சு" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார் அவர்.

வெளியே வந்தவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வராந்தாவில் நின்று பேனா மூடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் மாத்திரை இறங்கவில்லை. கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கினாள். மாத்திரை தெறித்து அலமாரிக்கு அடியில் போனது. சுத்தியலால் தட்டினாள், மேஜை பிளந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அக்கா மருந்துக்கடையில் விற்கிற பொடிக்கும் டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். மாவு மாதிரி வந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நைஸாத்தானே இருக்கு?" என்றாள்.

"இருக்கு. ஆனா இறங்கல."

"கல்லு வந்துடும்ப்பா."

"எங்க வரும்? ரிவர்ஸ் எடுக்க முடியாத சந்துல வண்டியை விட்டுட்டே. இனிமே முன்னாடிதான் போகணும்" என்றார் அப்பா. திட்டுகிற குரல் இல்லை. வழி சொல்லுகிற குரல்.

சில நாள் கழித்து ஜன்னலோரத் தொட்டியில் செடிக்கு அடியில் மாத்திரைகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தாள். தானே பொடித்துக் குடித்துக்கொள்வதாக அவர் சொன்னதெல்லாம் சும்மா. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கேட்டால் சுவர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார்.

இதற்கிடையில் கல்லின் புகழ் ஏறிக்கொண்டே போனது. கட்டைவிரல் பள்ளம் இடதுகைக்குத்தான் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கல்தான் கிடைத்திருக்கிறது, அது இடதுகைக் கல். ஆகவே அந்த நாகரிகத்து மக்கள் அத்தனை பேரும் இடதுகைக்காரர்கள். பிறகு கல்லின் நுண்துளைகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வகத்து அம்மா முடிவோடு வந்தபோது அவள் முகமே சரியில்லை.

"சார், இது ரத்தக் கொதிப்பு மாத்திரை. எங்க வீட்டுக்காரர் போடுற அதே மாத்திரை. எங்கயோ தப்பு நடந்திருக்கு சார்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துறைத்தலைவர் எழுந்து நின்றார். அந்த வாரமே கருத்தரங்கம் வைத்துவிட்டார். துணைவேந்தர் வரை முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"நண்பர்களே!" என்று ஆரம்பித்தார். "இந்த மக்களுக்கு ரத்தக் கொதிப்பு இருந்திருக்கு! வேட்டையாடுறவனுக்கு ரத்தக் கொதிப்பு வராது. விவசாயிக்கு வராது. அப்போ யாருக்கு வரும்? நாற்காலியில உக்காந்திருக்கிறவனுக்கு வரும். அப்போ நாற்காலி இருந்திருக்கு. நாற்காலி இருந்தா கூட்டம் நடந்திருக்கும். கூட்டம்னா ஒரு தலைவர் வேணும். நான் பொறுப்போட சொல்றேன், அந்த நாகரிகத்துல ஒரு துறைத்தலைவர் இருந்திருக்கார்! அவருக்குக் கீழே இருக்கிறவங்க அவர் பேச்சைக் கேக்காததால அவருக்குக் கொதிப்பு வந்திருக்கு. முப்பது வருஷமா நான் இந்தத் துறையில என்ன கண்டுபிடிச்சேன்னு சில பேர் கேக்குறாங்க. நான் என் முன்னோரைக் கண்டுபிடிச்சிருக்கேன்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. துணைவேந்தர் பக்கத்திலிருந்தவரிடம் தனக்கும் கொதிப்பு உண்டு என்று பெருமையாகச் சொன்னார்.

சன்னம் கடைசி வரிசையில் இருந்தாள். அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். தொட்டிக்குள் கிடந்த மாத்திரைகள். இனிமே முன்னாடிதான் போகணும் என்று அப்பா சொன்னதும் கூடவே வந்தது. இது தன்னுடையது என்று சொன்னால் இவர்கள் காதில் ஏறாது. இவர்கள் பாஷையில் சொன்னால் ஏறும். மேடையிலிருந்து அவர் இறங்கியதும் நேராக எதிரில் போய் நின்றாள்.

"சார், நம்ம பாடத்துல சோதனைத் தொல்லியல்னு ஒண்ணு வருதே. பழைய கருவியைப் பழைய முறையில பயன்படுத்திப் பாக்கணும்னு."

"ஆமா?"

"இந்தக் கல்லால மாத்திரையைப் பொடிச்சுப் பாத்தாத்தான் உங்க கொள்கை உறுதியாகும். தினமும் செய்யணும். குடிக்கிறதுக்கு உண்மையிலேயே ரத்தக் கொதிப்பு இருக்கிற ஒரு முதியவர் வேணும். நான் ஏற்பாடு பண்றேன் சார்."

அவர் அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நீ அந்த வாய்மொழி மரபுப் பொண்ணுதானே? இப்பத்தான்மா நீ ஆராய்ச்சியாளர் மாதிரிப் பேசுற" என்றார்.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வரும்போது டிரைவர் கியர் மாற்றுவது சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆய்வக வாசலில் துறைத்தலைவர், ஆய்வகத்து அம்மா, கேமராவோடு முந்திரிக்கொட்டை.

"இவர் யாரு?"

"எங்கப்பா சார்."

"அதெல்லாம் வேண்டாம். 'ஒரு முதியவர்'னு போட்டுக்கோ."

ஒரு முதியவர் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெட்டி திறந்தது. பஞ்சுக்கு நடுவில் கல்லைப் பார்த்ததும் அவர் கை தானாக நீண்டது. ஆய்வகத்து அம்மா "தொடக் கூடாது" என்று சொல்ல வாயெடுத்து, எதனாலோ சொல்லாமல் விட்டாள்.

சன்னம் கையுறையை எடுத்தாள். "கையுறை கூடாது!" என்றார் துறைத்தலைவர். "அந்தக் காலத்துல ஏது கையுறை? வெறுங்கை." அவள் மாத்திரையைப் பலகையில் வைத்துக் கல்லை வலதுகையில் எடுத்தாள். "ஐயையோ, நிறுத்து! இடதுகை! மொத்த நாகரிகமும் இடதுகைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

அவளுக்கு இடதுகையால் ஒரு வேலையும் வராது. இருந்தாலும் மாற்றிப் பிடித்தாள். பிடித்ததும் கட்டைவிரல் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் உட்கார வைக்கவில்லை. இத்தனை மாதம் வலதுகையில் பிடித்ததில் அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டதே இல்லை. இப்போது அது விரலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஓங்காமல், அதன் போக்கிலேயே கையை விட்டாள்.

டொக். டொக். சர்ர்.

அப்பா நிமிர்ந்தார். வாசல் பக்கம் திரும்பி யாரோ வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. மறுபடியும் அவள் கையைப் பார்த்தார்.

"அப்படித்தான்" என்றார் மெதுவாக. "அவ மாதிரியே. அப்படியே இழு."

இழுத்தாள். பொடியைத் தண்ணீரில் கலந்து நீட்டினாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். வீட்டில் அம்மாவிடம் அப்படித்தான் காட்டுவார், காட்டினால்தான் அம்மா நம்புவாள். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

"எழுதும்மா. மருந்து உள்ளே போனதும் முதியவருக்குக் கண்ணுல தண்ணி வருது. காரணம் தெரியல. தற்செயலா இருக்கலாம்."

சன்னம் பேனாவை எடுத்தாள். தாள் தெரியவில்லை. மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி உடம்பு முழுக்கக் குத்தியது. அம்மா இல்லை. அம்மா இனி வரமாட்டாள். அத்தனை மாதமாக ஊரெல்லாம் அவளுக்குச் சொன்ன அந்தச் செய்தி அப்போதுதான் அவளுக்கு வந்து சேர்ந்தது. கல்லைப் பிடித்த பிடியை விடாமல், அப்படியே நின்று அழுதாள்.

"சார்" என்றான் முந்திரிக்கொட்டை. அவன் குரலும் சரியாக இல்லை, கேமராவைக் கீழே இறக்கியிருந்தான். "இவளுக்கும் வருது சார்."

துறைத்தலைவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு முதியவரைப் பார்த்தார், பிறகு மாணவியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ரெண்டு பேருக்கும் வருதா? அப்போ உறுதி. இது சடங்குதான்" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்க."

"வந்துடுறேன் சார்" என்றார் அப்பா.